விசாரிப்பவரை விசாரிப்பது யார்? அயர்லாந்தின் வங்கி நெருக்கடியும் ஒரு பாராளுமன்றக் குழுவும்

ஒரு வங்கி விழுந்த பிறகு மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. என்ன நடந்தது என்பது ஒன்று. யார் செய்தது என்பது மற்றொன்று. கேட்பவர் மனத்தில் இவை பிரிந்து நிற்பதில்லை. பதில் சொல்ல வேண்டிய அமைப்புகளுக்கோ இவை வெவ்வேறு வேலைகள். முதற்கேள்விக்குக் கணக்கும் நிர்வாகமும் அறிந்த ஆய்வாளர் போதும். இரண்டாம் கேள்விக்கு வரும்போது, பெயர் சுட்டப்படும் மனிதரின் மானமும் உரிமையும் குறுக்கே வந்து நிற்கின்றன. அடுத்த தேர்தலை நினைத்தே உறங்கி எழும் மக்கள் பிரதிநிதிகள் அந்தக் கேள்வியை நடுநிலையோடு கேட்க முடியுமா? 2008க்குப் பின் அயர்லாந்து இந்த ஐயத்தோடு ஏழாண்டுகளுக்கும் மேலாக மல்லாடியது. வங்கிகள் விழுந்த கதை பலரும் எழுதியது. அதை விசாரிக்க ஒரு குழுவை அமைக்க அந்த நாடு பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுவே முக்கியமான வரலாறாகப் படுகிறது.

ஓர் இரவு

2008 செப்டம்பர் 29. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலாகி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. டப்ளின் நகரில் பிரதமர் பிரையன் கவன், நிதியமைச்சர் பிரையன் லெனிஹன், மத்திய வங்கியின் ஆளுநர், உயர் அதிகாரிகள் ஆகியோர் இரவு முழுவதும் கூடிப் பேசினர். கட்டட மனை வணிகத்திற்கு அள்ளிக் கொடுத்தே வளர்ந்த ஆங்கிலோ ஐரிஷ் வங்கியின் கையில் அன்றாடச் செலவாணிக்குக்கூடப் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. நாட்டின் இரு பெரிய வங்கிகளின் தலைவர்களும் அன்றிரவு வந்து போயினர். மற்ற அமைச்சர்களின் ஒப்புதல் தொலைபேசியில் பெறப்பட்டது. பொழுது விடிந்தபோது அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது: ஆறு நிதி நிறுவனங்களின் வைப்புத்தொகைகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் இரண்டாண்டுகளுக்கு அரசே பொறுப்பு.

அந்த உத்தரவாதத்தின் அளவு ஏறத்தாழ 44,000 கோடி யூரோ என்று அப்போது மதிப்பிடப்பட்டது. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க அரசு இறைத்த பணம் முடிவில் சுமார் 6,400 கோடி யூரோவானது. சுமார் 45 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் அது தலைக்கு 14,000 யூரோவுக்கு மேல். மற்ற வங்கிகளில் போட்டதில் ஒரு பகுதி பிற்காலத்தில் திரும்பி வந்தது. ஆங்கிலோ ஐரிஷ் வங்கியிலும் அதன் சிறிய கூட்டாளி போல் நடந்துகொண்ட ஐரிஷ் நேஷன்வைட் நிறுவனத்திலும் கொட்டிய ஏறத்தாழ 3,500 கோடி போனது போனதுதான். 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து தந்த மீட்புக் கடனுக்குள் நாடு நுழைந்தது. சம்பளங்கள் வெட்டப்பட்டன, வரிகள் உயர்ந்தன, இளைஞர்கள் மீண்டும் கப்பலேறிய தங்கள் முன்னோரைப் போலப் புறப்பட்டுப் போனார்கள். அந்த இரவில் என்ன பேசப்பட்டது என்று அறியும் உரிமை தமக்கு உண்டு என மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

விசாரணையின் வழிகள்

அயர்லாந்துக்கு விசாரணைகள் புதியவை அல்ல. நீதிபதி தலைமையிலான தீர்ப்பாயங்கள் அங்கே வழக்கம். ஆனால் அவற்றின் நடை ஆமை நடை. நிலத் திட்டமிடலில் நடந்த ஊழல்களை ஆராய 1997இல் அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் தன் இறுதி அறிக்கையைத் தந்தது 2012இல். வழக்கறிஞர் கட்டணங்கள் மட்டும் ஒரு தனி ஊழல் போல் வளர்ந்தன என்று ஜனங்கள் பேசிக்கொண்டனர்.

வங்கி நெருக்கடி குறித்து 2010இலும் 2011இலும் நிபுணர் அறிக்கைகள் வந்தன. மத்திய வங்கியின் புதிய ஆளுநர் பேட்ரிக் ஹொனஹன் ஒன்று எழுதினார். பின்லாந்தைச் சேர்ந்த பீட்டர் நைபெர்க் தலைமையிலான ஆணையம் ஒன்று எழுதியது. நைபெர்க்கின் அறிக்கை, மந்தை மனப்பான்மையும் ஒத்தூதும் சிந்தனையும் நாட்டை எப்படிக் கவிழ்த்தன என்பதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் அவர் சாட்சிகளை மூடிய கதவுக்குப் பின்னால் விசாரித்தார். தனிமனிதர் எவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. எல்லோரும் தவறு செய்தார்கள் என்று ஓர் அறிக்கை சொன்னால், வட்டி கட்ட முடியாமல் வீட்டை இழந்தவனின் காதில் அது எவருமே தவறு செய்யவில்லை என்றுதான் விழும்.

எஞ்சியது பாராளுமன்றம். அதற்கு ஒரு நல்ல முன்னுதாரணமும் இருந்தது. வெளிநாட்டில் வசிப்போருக்கு வைப்புநிதி வட்டியின் மேல் வரி கிடையாது என்ற சலுகையைப் பயன்படுத்தி, உள்ளூர்க்காரர்களுக்கு வெளிநாட்டு முகவரி எழுதிக் கணக்குத் திறந்து கொடுத்தன அயர்லாந்து வங்கிகள். 1999இல் பொதுக்கணக்குக் குழு, ஜிம் மிட்செல் தலைமையில், இதைச் சில வாரங்களில் வெளிப்படையாக விசாரித்து முடித்தது. பின்னர் பல நூறு மில்லியன் யூரோ அரசு கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வெற்றிக்குப் பின்னாலிருந்த காரணம் கவனிக்கத் தக்கது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் முன்கூட்டியே வங்கிகளின் ஏடுகளைப் புரட்டி உண்மைகளை வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். உறுப்பினர்கள் இருட்டில் துழாவ வேண்டியிருக்கவில்லை. கட்சி சாராத ஒருவர் அடித்தளம் இட்டார். கட்சிக்காரர்கள் அதன் மேல் நின்று கேள்வி கேட்டார்கள்.

இரண்டு தீர்ப்புகள்

2008க்குப் பின் அதே வழியில் போக முடியாதபடி இரண்டு தீர்ப்புகள் நின்றன.

முதலாவது 1971இல் வந்தது. வட அயர்லாந்தில் துன்புற்றோருக்கென ஒதுக்கிய நிவாரண நிதி ஆயுதம் வாங்கத் திருப்பப்பட்டதா என்று பொதுக்கணக்குக் குழு ஆராய்ந்தது. முன்னாள் நிதியமைச்சர் சார்ல்ஸ் ஹாஹியின் சகோதரர் பாட்ரிக் ஹாஹிக்கு எதிராகக் காவல்துறை அதிகாரி ஒருவர் செவிவழிச் செய்திகளைச் சாட்சியமாகச் சொன்னார். ஹாஹி குழுவின் முன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவர் மேல் குற்றம் சாட்டும் சாட்சியம் வந்தால் அதன் பிரதி அவருக்குத் தரப்பட வேண்டும், தம் வழக்கறிஞர் மூலம் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு, மறுப்புச் சாட்சியம் தரவும் குழுவின் முன் வாதிடவும் வாய்ப்பு வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. நற்பெயரைக் காப்பது அயர்லாந்து அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட கடமை. அந்தச் சொற்றொடருக்கு இத்தீர்ப்பு உயிர் கொடுத்தது.

இரண்டாவது தீர்ப்பின் பின்னணி ஒரு துயரம். 2000 ஏப்ரலில் அபிலாரா என்ற சிற்றூரில், மனநலம் குன்றியிருந்த 27 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கியுடன் தம் வீட்டில் அடைந்துகிடந்தார். ஒரு நாளுக்கு மேல் நீடித்த முற்றுகையின் முடிவில் அவர் வெளியே வந்தபோது காவலர்கள் சுட்டுக் கொன்றனர். பாராளுமன்றத் துணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. காவலர்கள் நீதிமன்றம் சென்றனர். 2002இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாக நின்று தந்த தீர்ப்பு இது: பாராளுமன்றத்தின் உறுப்பினரல்லாத ஒரு குடிமகனின் நற்பெயருக்கு இழுக்கு வரும் வகையில் முடிவு கூறும் உள்ளார்ந்த அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இல்லை.

இத்தீர்ப்பு அப்போது பலருக்கும் கசந்தது. இறந்தவரின் குடும்பம் நியாயம் கேட்டு நிற்கையில், சுட்டவர்களின் நற்பெயரைப் பேசுவதா? அந்தக் கசப்பு நியாயமானதே. ஆனால் சிலப்பதிகாரம் படித்து வளர்ந்த நமக்கு இன்னொரு பக்கமும் தெரியும். பாண்டியன் கெட்ட மன்னன் அல்லன். குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டான்; அவ்வளவுதான். அதற்கு மதுரை எரிந்தது.

மக்கள் சொன்ன பதில்

2011இல் ஆட்சிக்கு வந்த ஃபினே கேல், தொழிற்கட்சிக் கூட்டணி இந்தத் தடையை அரசியல் சட்டத் திருத்தத்தால் நீக்க முயன்றது. பொது முக்கியத்துவம் உள்ள எதையும் பாராளுமன்றம் விசாரிக்கலாம், தனிமனிதர் நடத்தை பற்றி முடிவும் கூறலாம் என்றது திருத்தம். தனிமனித உரிமைக்கும் பொதுநலனுக்கும் இடையிலான சமநிலையைப் பாராளுமன்றமே தீர்மானிக்கும் என்ற வாசகமும் அதில் இருந்தது. எட்டு முன்னாள் தலைமை வழக்கறிஞர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு எதிர்த்தனர். அவர்களுள் பல கட்சி அரசுகளுக்கும் பணியாற்றியவர்கள் இருந்தனர்.

2011 அக்டோபர் 27இல் பொதுவாக்கெடுப்பு. வங்கியாளர்கள் மேல் மக்களின் கோபம் உச்சத்தில் இருந்த காலம். திருத்தம் எளிதில் வெல்லும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. 53 விழுக்காட்டுக்குச் சற்று மேலானோர் வேண்டாம் என்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நாளில், அதே வாக்குச்சாவடியில், நீதிபதிகளின் சம்பளத்தைக் குறைக்க அனுமதிக்கும் இன்னொரு திருத்தமும் வாக்குக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ 80 விழுக்காடு ஆதரவு. நீதிபதிகளின் சம்பளத்தைக் குறைத்த கை, நீதி சொல்லும் வேலையை அரசியல்வாதிகளிடம் கொடுக்க மறுத்தது. இதை வெறும் குழப்பம் என்று சொல்லிவிட முடியாது. நீதிபதிகளும் தங்களோடு சேர்ந்து நட்டத்தைச் சுமக்க வேண்டும். ஆனால் குற்றம் சாட்டுபவரே சமநிலையைத் தீர்மானிக்கும் தராசு வேண்டாம் என்று அந்த மக்கள் நினைத்திருக்கக் கூடும்.

அதன்பின் அரசு இருக்கும் எல்லைக்குள்ளேயே ஒரு சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, குழு சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கட்டாயப்படுத்திப் பெறலாம், விசாரித்துப் பதிவு செய்து அறிக்கை தரலாம். ஆனால் வங்கி விசாரணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவில், தனிமனிதர் இன்னார் குற்றவாளி என்று முடிவு கூற முடியாது. முன்கூட்டியே ஒரு தரப்பில் நிற்பவராகத் தோன்றும் உறுப்பினருக்குக் குழுவில் இடமில்லை என்றும் சட்டம் சொன்னது.

குழுவுக்குள் புகுந்த கொறடா

இவ்வளவு கவனத்தோடு கட்டிய வீட்டின் பின்வாசல் திறந்தே இருந்தது. 2014இல் குழுவுக்கு ஒன்பது பேர் என்று திட்டமிடப்பட்டது. மேலவையின் தேர்வுக் கூட்டத்தில் ஆளுங்கட்சித் தரப்பினர் சிலர் வராமல் போக, எதிர்பாராமல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தேர்வானார். கணக்குப் பார்த்தால் ஒன்பதில் ஐவர் ஆளுந்தரப்பைச் சேராதவர்கள். அரசு உடனே மேலும் இரண்டு மேலவை உறுப்பினர்களைச் சேர்த்தது. பதினொருவரில் அறுவர் தம் பக்கம் என்றாயிற்று. விசாரணை வரம்பை நிறைவேற்றப் பெரும்பான்மை வேண்டும் என்று பிரதமர் எண்டா கென்னி தரப்பில் விளக்கம் தரப்பட்டது. சுயேச்சை உறுப்பினர் ஸ்டீபன் டானலி குழுவிலிருந்து விலகினார்.

இங்கேதான் இந்த வரலாற்றின் முடிச்சு இருப்பதாக நினைக்கிறேன். நியாயமான விசாரணை என்பதில் இரண்டு நியாயங்கள் அடக்கம். ஒன்று, விசாரிக்கப்படுபவருக்குச் செய்ய வேண்டியது. மற்றொன்று, விசாரணையை நம்பிக் காத்திருக்கும் பொதுமக்களுக்குச் செய்ய வேண்டியது. முதலாவதை நீதிமன்றம் நாற்பதாண்டுகளாகக் காவல் காத்தது. இரண்டாவதற்குக் காவலர் எவரும் இல்லை. அது பாராளுமன்றத்தின் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. ஒரு தனி உறுப்பினரின் சார்பைத் தடுக்கச் சட்டத்தில் விதி இருந்தது. ஒரு கட்சியே பெரும்பான்மையைக் கட்டிக்கொள்வதைத் தடுக்க விதி இல்லை.

இந்திய வாசகருக்கு 1992இன் பங்குப் பத்திர ஊழல் நினைவுக்கு வரலாம். ஹர்ஷத் மேத்தா விவகாரத்தை ஆராய்ந்த முப்பது பேர் கொண்ட கூட்டுக்குழுவுக்கு ஆளுங்கட்சியின் ராம் நிவாஸ் மிர்தா தலைவர். கட்சிகளின் பலத்துக்கேற்ப இடங்கள், மூடிய அறையில் அமர்வுகள். 1993 டிசம்பரில் வந்த அறிக்கையைத்தான் மக்கள் பார்த்தார்கள், விசாரணையைப் பார்க்கவில்லை. அயர்லாந்து குறைந்தபட்சம் கதவைத் திறந்து வைத்தது.

திறந்த கதவும் மூடிய வாய்களும்

2014 டிசம்பர் 17இல் நைபெர்க்கின் சாட்சியத்தோடு, சீயரன் லின்ச் தலைமையிலான குழுவின் விசாரணை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தனர். இரண்டு முன்னாள் பிரதமர்களும் பதவியிலிருந்த பிரதமரும் அந்த மேசையின் முன் அமர்ந்து பதில் சொன்னார்கள். இது சிறிய காரியமல்ல. அதே சமயம் ஒவ்வொரு அமர்விலும் தலைவர் ஓர் எச்சரிக்கையை வாசிக்க வேண்டியிருந்தது: நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்குகளைப் பாதிக்கும் எதையும் பேசலாகாது. விளைவு, நெருக்கடியின் நடுநாயகமான ஆங்கிலோ ஐரிஷ் வங்கியின் முன்னாள் தலைவர் ஷான் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் முன்னாள் தலைமை நிர்வாகி டேவிட் டிரம்மும் குழுவின் முன் வரவேயில்லை. அமெரிக்காவிலிருந்து காணொளி வழியே பேச டிரம் முன்வந்தார். வழக்கு கெட்டுவிடும் என்று குழு மறுத்தது. வாலி இல்லாத கிஷ்கிந்தா காண்டம் போல் ஆயிற்று.

மத்திய வங்கிச் சட்டத்தின் இரகசியப் பிரிவு பல ஆவணங்களுக்குப் பூட்டுப் போட்டது. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஜான் குளோட் திரிஷே, தம் வங்கி ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று சொல்லி, சாட்சியாக வர மறுத்தார். மீட்புக் கடன் கேட்காவிட்டால் வங்கிகளுக்கான அவசர நிதி நிறுத்தப்படலாம் என்று 2010 நவம்பர் 19இல் அயர்லாந்து நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதியவர் அவர். 2015 ஏப்ரலில் டப்ளினில் ஒரு கருத்தரங்கில் அவர் உரையாற்றினார். ஓர் இறையாண்மை நாட்டின் விசாரணைக் குழு அங்கே பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவரிடம் கேள்வி கேட்டது. யாருக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் காட்சி ஒன்றே சொல்லிவிட்டது.

கேள்வி கேட்ட முறையிலும் குறை இருந்தது. பதினொரு உறுப்பினர்கள் முறைவைத்துத் தமக்குரிய நிமிடங்களில் கேட்டார்கள். ஒருவர் தொட்ட நூலை அடுத்தவர் தொடர்வது அரிது. 1933இல் அமெரிக்க செனட்டின் வங்கிக் குழு இதைப் புரிந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்கும் பொறுப்பை ஃபெர்டினண்ட் பெக்கோரா என்ற வழக்கறிஞரிடம் ஒப்படைத்தது. ஏடுகளை முன்னரே படித்து வந்து, நாட்டின் மிகப்பெரிய வங்கியாளர்களை அவர்கள் கையெழுத்தைக் கொண்டே மடக்கினார் அவர். வங்கித் தொழிலையும் பங்குச் சந்தையையும் நெறிப்படுத்திய சட்டங்கள் அந்த விசாரணையின் சூட்டில் பிறந்தன. பிரிட்டனில் 2012இல் ஆண்ட்ரூ டைரி தலைமையில் அமைந்த இரு அவை ஆணையமும் வழக்கறிஞரின் துணையோடு கேள்வி கேட்டது.

எஞ்சியவை

2016 ஜனவரி 27இல் அறிக்கை வெளிவந்தது. அடுத்த வாரமே கீழவை தேர்தலுக்காகக் கலைக்கப்பட்டது. பதினொருவரில் இருவர், பியர்ஸ் டாஹர்டியும் ஜோ ஹிக்கின்ஸும், கையெழுத்திட மறுத்தனர். கடன்பத்திரக்காரர்கள் மேல் நட்டத்தைச் சுமத்த விடாமல் ஐரோப்பிய மத்திய வங்கி தடுத்தது, அதனால் அயர்லாந்து மக்களின் மேல் தகாத சுமை ஏறியது என்பது அறிக்கையின் துணிவான பகுதி. தனிமனிதர் எவரையும் அது குற்றவாளி என்று சொல்லவில்லை. இதற்குத்தானா இத்தனை பாடு என்று கேட்டவர் பலர்.

அவர்களுக்கான பதில் அடுத்த ஆண்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2017 மே மாதம், கணக்குத் தணிக்கையாளர்களை ஏமாற்றியதாக ஃபிட்ஸ்பாட்ரிக் மேல் நடந்த நீண்ட வழக்கில், அவரை விடுவிக்குமாறு நீதிபதியே ஜூரிக்கு உத்தரவிட்டார். நிறுவனச் சட்ட அமலாக்க அலுவலகம் சாட்சிகளின் வாக்குமூலத்தைச் சொல்லிக்கொடுத்துத் தயாரித்தது, ஆவணங்கள் அழிக்கப்பட்டன, விசாரணை ஒருதலையாக நடந்தது என்பவை காரணங்கள். நியாயம் தவறிய விசாரணை, கோபப்பட்ட மக்களுக்கு ஒன்றுமே தரவில்லை. மாறாக 2018இல் டிரம், குழு பொறுமையோடு ஒதுங்கி நின்ற அந்த வழக்கில், சதிக்கும் பொய்க்கணக்குக்கும் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். குழு அவரைக் காணொளியில் உட்காரவைத்திருந்தால் தொலைக்காட்சிக்கு ஒரு நல்ல மாலை கிடைத்திருக்கும். வழக்கு என்ன ஆகியிருக்கும் என்பது வேறு.

ஆகவே நியாயம் உண்மைக்குத் தடை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அயர்லாந்துக் குழுவின் பற்களைப் பிடுங்கியது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை மட்டுமல்ல. கட்சிக் கணக்கும் இரகசியச் சட்டமும் அவசரமும் அதில் பங்கு கொண்டன. இனி எங்கேனும் ஒரு வங்கி விழுந்து, ஒரு பாராளுமன்றம் விசாரிக்கக் கிளம்பினால், முதல் சாட்சியை அழைக்கும் முன்னரே சில காரியங்களை முடித்தாக வேண்டும். ஆளுந்தரப்புக்குப் பெரும்பான்மை இல்லாத குழு வேண்டும். கட்சி சாராத தணிக்கையாளர் ஏடுகளை முன்பே படித்திருக்க வேண்டும். கேட்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் கேட்க வேண்டும். பெயர் கெடக்கூடியவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு வேண்டும். தண்டனையை நீதிமன்றத்துக்கு விட்டுவிடும் அடக்கமும் வேண்டும்.

தலைக்கு 14,000 யூரோ கொடுத்த மக்கள் அதற்கு ஈடாகக் கேட்டது ஓர் உண்மையான கணக்கு. அந்தக் கணக்கை எழுதுபவரின் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 2011 அக்டோபரில், கோபத்தின் நடுவிலும், அவர்கள் பார்த்தது அதைத்தான்.